மலையடிவாரத்துக் காய்ச்சலும் ஒரு கருப்புப் பொருக்கும்



தொற்றுநோய்களின் தடுப்பும் சிகிச்சையும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நோய்களைத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே நோயை எடுத்துக்கொண்டு முழுதாகப் பேசுவது இந்த அவைக்குப் பயன் தரும் என்று நினைத்தேன். நான் எடுத்துக்கொண்ட நோய் ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் இந்த மலையடிவார மண்ணின் அமைப்பு அந்த நோய்க்கு மிகவும் ஏற்றது என்பது ஒரு காரணம். காலத்தில் கண்டுபிடித்தால் சில ரூபாய் மாத்திரையில் குணமாகிற நோய்க்கு இன்னும் நாம் உயிர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

பிளவக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அவற்றுக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அணைகளுக்குக் கீழே வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வட்டாரத்து நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும். காடு முடிந்து வயல் தொடங்கும் அந்த இடைநிலத்தை எத்தனை பேர் கூர்ந்து பார்த்திருக்கிறோம்? ஓடைக்கரைப் புதர், உழாமல் விட்ட கரம்பு, தோப்புக்குள் முழங்கால் உயரப் புல், வரப்பில் எலி வளை, மழை முடிந்த பின்னும் காயாத ஈரம். ஸ்க்ரப் டைபஸைப் பரப்பும் பூச்சிக்கு வேண்டியவை எல்லாம் அங்கே இருக்கின்றன.

அது மைட் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சி. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு, இது வேறு. வளர்ந்த மைட் மண்ணில் வாழும், மனிதரைக் கடிக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் இளம்பூச்சிதான் கடிக்கும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கடிப்பதும் தெரியாது. அது ரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அந்தத் திசுச்சாற்றை உறிஞ்சுகிறது. தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அப்படி உண்ணும். வழக்கமாக அதற்குக் கிடைப்பது எலி, மூஞ்சூறு. வரப்பில் உட்கார்ந்து சோறு உண்பவரும், புல்லறுக்கும் பெண்ணும், ஆடு மேய்க்கும் பையனும் அந்த வழியில் குறுக்கிடுகிறார்கள். நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகமூஷி என்ற பாக்டீரியா தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் போகிறது. ஆகவே பூச்சியே நோயின் களஞ்சியம். எலியை ஒழித்தால் நோய் ஒழியும் என்று நம்பிப் புதருக்கு மருந்தடிக்காமல் எலியை மட்டும் கொன்றால், உண்ண எலி கிடைக்காத இளம்பூச்சிகள் மனிதர் பக்கம் திரும்பக்கூடும்.

இந்த நோயின் வரலாற்றில் தமிழர்களுக்கும் பங்குண்டு. அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1920-களில் மலேயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஒரு காய்ச்சல் வந்தது. அன்று அங்கே தோட்ட வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் இங்கிருந்து கப்பலேறிப் போன நம் மக்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ளெட்சரும் லெஸ்லரும் அதை ஆராய்ந்து 'கிராமத்து டைபஸ்' என்று பெயரிட்டார்கள். அந்த நிலையத்தில்தான் லூத்வெய்ட்டும் எஸ். ஆர். சவூர் என்ற இந்திய விஞ்ஞானியும் சேர்ந்து, மலேயாவின் கிராமத்து டைபஸும் ஜப்பானில் ஆற்றங்கரை விவசாயிகளுக்கு வரும் சுட்சுகமூஷி நோயும் ஒன்றே என்று 1940-இல் நிறுவினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் படைவீரர்களை இந்த நோய் வாட்டியது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் சில இடங்களில் நோயுற்ற நூறு பேரில் முப்பது பேர் வரை இறந்தார்கள்.

மருந்தும் கோலாலம்பூரில்தான் கிடைத்தது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் தன் குழுவோடு அங்கே வந்து, குளோராம்பெனிக்கால் ஸ்க்ரப் டைபஸைக் குணப்படுத்துகிறது என்று காட்டினார். அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது அப்படித்தான். படுக்கையருகே நின்று பார்க்கும்போது இந்த இரண்டு காய்ச்சல்களையும் பிரித்தறிவது, உலகின் தலைசிறந்த நிபுணர்களுக்கே அன்று அவ்வளவு கடினமாக இருந்தது. நம் ஊர் மருத்துவர்களுக்கு இன்றும் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

மருந்து வந்ததும் நோய் மறக்கப்பட்டது. காய்ச்சல் என்று வந்தாலே குளோராம்பெனிக்கால் அல்லது டெட்ராசைக்ளின் கொடுத்த காலத்தில் ஸ்க்ரப் டைபஸ் பெயர் தெரியாமலே குணமாகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பிறகு அந்த மருந்துகளின் இடத்தைப் பென்சிலின் குடும்பத்து மருந்துகளும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகளும் பிடித்தன. ஓரியன்ஷியா நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. அந்த மருந்துகள் தாக்கும் செல்சுவரும் அதற்கு மிகச் சன்னம். அந்த ஊசிகளை எத்தனை நாள் போட்டாலும் இந்தக் காய்ச்சல் இறங்காது.

தமிழகத்தில் இந்த நோயை மருத்துவ உலகின் கவனத்துக்கு மீண்டும் கொண்டுவந்தது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 2001 அக்டோபருக்கும் 2002 பிப்ரவரிக்கும் இடையே, குளிர்மாதங்களில் அங்கு வந்த நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை பல மருத்துவர்களின் கண்ணைத் திறந்தது. வடக்கே கோரக்பூரில் இன்னும் கொடிய அனுபவம். அங்கே ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் காரணம் என்று 2006-இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தடுப்பூசிக்குப் பின்னும் சாவு நிற்கவில்லை. 2014-க்குப் பிறகு நடந்த ஆய்வுகளில், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தாரும் முன்னின்று உழைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. மூளைக்கு நோய் ஏறுவதற்கு முன்பு, வெறும் காய்ச்சலாக இருக்கும்போதே டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். அத்தனை ஆண்டுகளாக அந்த மாத்திரை மருந்துக்கடைகளில் இருந்தது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நம் வட்டாரத்தில் ஒரு நோயாளி எப்படிப் போகிறார் என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பாராசிட்டமால். மூன்றாம் நாள் ஓர் ஊசி, ஒரு குளுக்கோஸ். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கும். உடனே டெங்கு என்ற பயம். டெங்கு இல்லை என்று வந்துவிட்டால் டைபாய்டுக்கான வைடால் சோதனை. நம் ஊரில் பலருக்கும் அது லேசாகப் பாசிட்டிவ் காட்டும். டைபாய்டு என்று முடிவாகி ஐந்து நாள் ஊசி. காய்ச்சல் இறங்காது. எட்டாம் நாளுக்கு மேல் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது, சிலருக்குக் காது மந்தமாகிறது, பேச்சு குழறுகிறது. அப்போது மதுரைக்கு ஆம்புலன்ஸ். இந்த வழியில் யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் அந்த எட்டு நாளில் ஒருவராவது நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் கதை மாறியிருக்கும்.

பூச்சி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் வரும். அது புண்ணாகி, நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக, பீடி நெருப்புப் பட்ட இடம்போல ஆகிவிடும். மருத்துவத்தில் அதற்கு எஸ்கார் என்று பெயர். வலிக்காது, அரிக்காது. ஆகையால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அது இருக்கும் இடங்களும் அப்படிப்பட்டவை: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ்மடிப்பு, அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் இறுக்கும் இடுப்பு, தொப்புள், காதுக்குப் பின்புறம். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. இருந்துவிட்டால் மேற்கொண்டு சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போதே மருந்து தொடங்கலாம். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண்ணின் உடல் முழுவதையும் பார்ப்பது எளிதன்று. ஒரு திரை வேண்டும், ஒரு செவிலியர் வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். கோடி ரூபாய்க் கருவி கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கேட்க வேண்டும் என்பேன்.

இனி என் துறையைப் பற்றி. நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு ரத்தம் வந்தால் நாங்கள் ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்போம். ஓரியன்ஷியா அதில் வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும்; அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். எனவே 'கிருமி வளரவில்லை' என்று நாங்கள் எழுதி அனுப்பும் தாளை, கிருமியே இல்லை என்று படித்துவிடக் கூடாது. 1916-இல் வைலும் ஃபெலிக்ஸும் கண்டுபிடித்த திரட்சிச் சோதனை ஒன்று உண்டு. வேறொரு பாக்டீரியாவான புரோட்டியஸ், டைபஸ் நோயாளியின் ரத்தநீரோடு திரள்வதைப் பார்ப்பது அது. மலிவானது, சிறு ஆய்வகத்திலும் செய்யலாம். ஆனால் உண்மையான நோயாளிகளில் பலரை அது தவறவிட்டுவிடும். இன்று நம்பத் தகுந்தது ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனை. அதிலும் எதிர்ப்பொருள் தோன்றச் சில நாள் ஆகும் என்பதால் மூன்றாம் நாள் நெகட்டிவ் என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. பொருக்கிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பிசிஆர் செய்தால் முன்னதாகவே தெரியும். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நுண்ணுயிரியல் துறை இருக்கும்போது, வத்திராயிருப்பில் காலையில் எடுத்த ரத்தத்துக்கு மறுநாள் பதில் வர வேண்டும். அறிக்கை வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். நான் ஆய்வகத்துக்காரன், இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு மற்றவர்களைவிட அதிகம்.

சிகிச்சை எளியது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும், ஒரு வாரம். கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின். இந்த நோய் கருவை அழித்துவிடக்கூடியது என்பதால் அவர்களிடம் தாமதமே கூடாது. குழந்தைகளுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்ற பழைய அச்சம் இருக்கிறது. சில நாள் மட்டும் கொடுக்கும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை. மருந்து தொடங்கிய இரண்டு நாளில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும்.

நோய் முற்றி வந்தவர்களுக்கு எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை கண்டதும் வேலூர்தான். ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து, கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட ஏறத்தாழ 800 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தின. ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும், எல்லாம் நரம்பு வழியாக. இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, தனித்தனியே கொடுத்த பிரிவுகளில் அவை 47, 48 விழுக்காடாக இருந்தன. இரண்டும் சேர்ந்த பிரிவில் 33 விழுக்காடு. அந்த ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. ஏழைகளின் நோய் என்று உலகம் ஒதுக்கிவைத்த ஒன்றுக்கு, உலகம் முழுவதும் பின்பற்றத்தக்க சிகிச்சை முறையை நம் மாநிலத்து மருத்துவமனை ஒன்று காட்டியது. எனக்கு அதில் மிகுந்த பெருமை.

ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகாதா? பெருகும். ஆனால் இன்று என்ன நடக்கிறது? பெயர் தெரியாத காய்ச்சலுக்கு முதலில் செஃப்ட்ரியாக்சோன், பிறகு மெரோபெனம் வரை ஏறுகிறோம். அந்த மருந்துகள் இந்த நோயைத் தொடுவதில்லை; குடலிலும் மருத்துவமனையிலும் உள்ள மற்றக் கிருமிகளைத்தான் பழக்கிவிடுகின்றன. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வயல்வெளியிலோ மலையடிவாரத்திலோ நடமாடிய ஒருவருக்கு ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்து, டெங்குவும் மலேரியாவும் இல்லையென்றால், டாக்ஸிசைக்ளினை முன்கூட்டியே தொடங்குவது ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு எதிரானதாகாது, அதைக் காப்பதாகும். அசித்ரோமைசினைச் சளிக்கும் இருமலுக்கும் வாரி இறைப்பதுதான் எதிரானது.

இது எவ்வளவு பரவலான நோய்? வேலூர் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழகத்தின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்ட மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2025-இல் வெளிவந்த முடிவின்படி, அக்கிராமங்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். தொற்றியவர்களில் காய்ச்சல் காண்போர் நூற்றுக்கு எட்டு முதல் பதினைந்து பேர் மட்டுமே. மற்றவர்கள் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற உறுதியும் இல்லை. கிருமியில் பல வகைகள் இருப்பதால் ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றைத் தடுப்பதில்லை. தடுப்பூசி இன்னும் வராததற்கும் அதுவே முக்கியக் காரணம்.

தடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்வது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். களையெடுக்கும் பெண்ணிடம் பூட்ஸும் கையுறையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்து வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போடுவது நடக்கக்கூடியது. பூச்சி ஒட்டியவுடனே கிருமி இறங்கிவிடுவதில்லை, சில மணி நேரம் ஆகும். குளியல் அதற்குள் அதைக் கழுவிவிடும். துணியைப் புதர்மேல் காயப்போடாமல் கொடியில் போடுங்கள். தோப்பில் கண்ணயர்வதானால் கட்டில் போடுங்கள். வெறும் புல்லில் படுக்காதீர்கள். வீட்டைச் சுற்றியும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் புதர் வெட்டுவது ஊராட்சியின் வேலை.

சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மலையேறும் பக்தர்கள் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை கழித்தே காய்ச்சல் தொடங்கும். அதற்குள் அவர்கள் தங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அங்கே நகரத்து மருத்துவர் 'சமீபத்தில் எங்கே போனீர்கள்' என்று கேட்காவிட்டால் விடை கிடைக்காது. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் வாழும் பளியர் மக்களின் நிலை வேறு. அவர்கள் எங்கும் போய்விட்டு வருபவர்கள் அல்லர். அந்தக் காட்டு விளிம்பே அவர்கள் வீடு. கிராம சுகாதார செவிலியரின் பையில் டாக்ஸிசைக்ளின் இருந்து, அதை எப்போது தொடங்கலாம் என்ற தெளிவான உத்தரவும் அவரிடம் இருந்தால், அங்கே ஓர் உயிரும் போக வேண்டியதில்லை.

மருத்துவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த மழைக்காலம் தொடங்கி மாசி வரை, ஐந்து நாளைக் கடந்த ஒவ்வொரு காய்ச்சலிலும் நோயாளியின் அக்குளையும் இடுப்பையும் தொடையிடுக்கையும் பாருங்கள், சந்தேகம் வந்தால் அன்றைக்கே மருந்தைத் தொடங்குங்கள். பொதுமக்களுக்கு என் வேண்டுகோள்: காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, எந்த வயலில் வேலை செய்தீர்கள், எந்த மலைக்குப் போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். போவதற்கு முன் வீட்டில் ஒருவரைக் கொண்டு உடம்பு முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள். கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால், வெட்கப்படாமல் அதை மருத்துவருக்குக் காட்டுங்கள்.